சுவருக்குள் நடந்தவர்

அந்தத் தெருவில் யார் வீட்டுக் கதவு தரையை உரசினாலும், எந்தக் குழாய் சொட்டினாலும், திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும், "சுத்தியலக்காவுக்கு ஒரு போன் போடு" என்பதுதான் முதல் பேச்சு. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு, கை மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல அகலம். இடது தோளில் ஒரு சாம்பல் நிறப் பை தொங்கும். அதன் கனத்துக்கு உடம்பு சாய்ந்து சாய்ந்து, பை இல்லாத நாட்களிலும் அதே சாய்வோடுதான் நடப்பாள்.

முன்பு இருபது வருடம் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தவள். மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, எங்கே தடுக்கிறது என்று விரல் நுனியால் கேட்பாள். 'கேட்பேன்' என்றுதான் அவளே சொல்வாள். ஆலையை மூடிய பிறகு பக்கத்து வீட்டு ஜன்னல் கொக்கி, எதிர்வீட்டுக் கட்டில் கால் என்று தொடங்கியது. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கூப்பிட, அதுவே பிழைப்பாகிவிட்டது. பெண் என்பதால் வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கும் அவளை உள்ளே விடத் தயக்கமில்லை. பல பேர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஆளில்லாத வீட்டில் வேலை செய்வது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மதிய வெயில் தரையில் யாரும் பார்க்காதபோது இடம் மாறி உட்காரும். எங்கோ மாடியில் யாரோ குழாயைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, அவள் தோளருகே சளசளவென்று ஏதோ சொல்லிவிட்டுக் கீழே போகும். கதவு மரம் சோம்பல் முறிக்கும். கை தன்பாட்டுக்குத் திருகாணியைச் சுழற்றிக்கொண்டிருக்க, மனசு கழன்று எங்கேயோ போய்விடும். வீடு ஒரு பெரிய தூங்குகிற பிராணி என்றும், தான் அதன் காதருகே உட்கார்ந்து, அது விழித்துக்கொள்ளாமல் ஒரு சின்ன முள்ளை எடுத்துக்கொண்டிருப்பதாகவும் தோன்றும்.

அவள் கணவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க இரைச்சலில் இருந்துவிட்டு வருகிற மனுஷர். வீட்டில் அளந்துதான் பேசுவார். சாயங்காலம் டீ குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவளையே பார்த்து, "எங்க போயிருந்த?" என்பார்.

"சுவருக்குள்ள."

"உள்ள எல்லாரும் சௌக்கியமா?"

"ம். உங்கள விசாரிச்சாங்க."

இவ்வளவு கனவுக்காரியிடம் ஒரு கண்டிப்பும் இருந்தது. எந்த வேலையைத் தொடுவதற்கு முன்பும், 'இது தப்பாப் போனா என்ன ஆகும்?' என்று ஒரு நொடி நிற்பாள். தரை நனையும், சுவரில் கறை விழும், அலமாரி கோணலாக நிற்கும் என்றால் பையைத் திறந்துவிடுவாள். எரியும், வெடிக்கும், யார் தலையிலாவது விழும் என்றால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று போன் நம்பர்கள் உண்டு: லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரீஷியன், கேஸ் வேலைக்கென்றே சான்று வாங்கிய ஒருவர், ஒரு கட்டட என்ஜினீயர். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்து, மறுபடி மறுபடி எழுதிவைப்பாள்.

ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், அடுப்புக்கு வரும் கேஸ் குழாயை இரண்டடி தள்ளி வைத்துக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றதும், "வெறும் ரெண்டடிதானே அக்கா?" என்றார்.

"அது எனக்கும் உங்களுக்கும் தெரியும் சார். கேஸுக்குத் தெரியணுமே."

அதற்காக எதற்கெடுத்தாலும் பெரிய ஆளைக் கூப்பிடச் சொல்கிறவளும் இல்லை. வரவேற்பறைச் சுவரில் விரிசல் கண்டு, வீடே விழப்போகிறது என்று அழுதுகொண்டிருந்த ஒரு தம்பதியின் வீட்டில், நகத்தால் விரிசலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பெயின்ட்தான் உரிஞ்சிருக்கு. இதுக்கு என்ஜினீயர் வந்தா அவரே வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிடுவார்" என்று பட்டி வைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இந்த நிதானம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. ஒன்பது வருடத்துக்கு முன்பு தங்கை புது வீட்டுக்குக் குடிபோனாள். சமையலறையில் புகை வெளியேற ஒரு ஃபேன் மாட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் நாலு நாள் கழித்துத்தான் வருவேன் என்றார். "நாலு நாளா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று இவள் ஏணியில் ஏறினாள். ஒயரை ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றி, ஓட்டைக்குள் தள்ளி மூடினாள். ஃபேன் சுற்றியது. தங்கை கைதட்டினாள். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்த முறுக்கு சூடேறி, டேப் உருகி, பக்கத்துத் திரைச்சீலையில் தீ பிடித்தது. தங்கை வெறுங்கையால் திரையைப் பிடுங்கிப் போட்டு மிதித்தாள். வீடு தப்பியது. அவளுடைய வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, கசக்கிப் பிரித்த காகிதம்போல ஆகிவிட்டது.

அதைப் பற்றித் தங்கை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. யாராவது கேட்டால், "ஃபேன் பழசு, அதான்" என்பாள். அது புது ஃபேன். பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்ததே இவள்தான். தங்கை அந்தப் பொய்யை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் இவள் எழுந்து வேறு ஏதாவது வேலையைத் தேடிப் போய்விடுவாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, மூலை வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருந்தது ஒரு இளம் தம்பதி. கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண் பரிசோதனைக்குப் படித்துப் பட்டம் வாங்கியவன். மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஏழு மாதக் கர்ப்பம். சமையலறையையும் அடுத்திருந்த சின்ன அறையையும் பிரிக்கும் சுவரில் அவன் சாக்பீஸால் வாசல் அளவுக்கு, இல்லை, அதைவிடப் பெரிதாக, ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தான்.

"இதை மொத்தமா எடுத்துடணும்க்கா. தொட்டில் அந்த ரூம்ல இருக்கும். இவ சமைச்சுக்கிட்டே குழந்தையப் பார்க்கலாம்."

"நல்ல யோசனைதான்" என்று அவள் சுவரிடம் போனாள்.

"வெறும் அரைக்கல் சுவர். நானே அளந்துட்டேன். ஒரு நாள் வேலை."

அவள் விரல் முட்டியால் தட்டினாள். உள்ளங்கையை வைத்தாள். பிறகு, யாரோ ரகசியம் சொல்லக் கூப்பிட்டதுபோல, காதையும் வைத்தாள். வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. சுவர் குளிர்ச்சியாக இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, மிகத் தொலைவில், டக்... தொக். டக்... தொக். ஒரு காலடி அழுத்தம், ஒரு காலடி லேசு. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று, கொஞ்ச நேரம் நின்றது, திரும்பி வந்தது. சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்துகிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

"அக்கா?" என்றாள் நூலகப் பெண்.

"மேல யாரு இருக்காங்க?"

"ஒருத்தர் தனியா இருக்கார். கால்ல ஆபரேஷன் ஆனவர். ஏன்?"

"நடக்கறார்."

"நடக்கட்டுமே, அவர் வீடு" என்று கண்ணாடிக்கடைக்காரன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "இதுக்கு நான் ஆள் இல்ல சார். இது பாரம் தாங்கற சுவரா, சும்மா நிக்கற சுவரான்னு எனக்குத் தெரியல."

"பார்த்தாலே தெரியலயா? இவ்வளவு ஒல்லியா இருக்கு!"

"ஒல்லியா இருக்கறவங்க பாரம் தூக்க மாட்டாங்களா?" என்று தோள் பையைக் காட்டினாள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குப் பயம்."

"ஆமா" என்றாள்.

இந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ஜினீயர் நம்பர் இருந்த துண்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். திரும்ப எடுக்கப்போவதில்லை என்பது வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் அவள் தங்கைக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "எனக்கு ஒண்ணு புரியல. எனக்கு நிஜமாவே ஏதாவது தெரியுதா, இல்ல அன்னிக்கு நடந்ததிலேர்ந்து எல்லாத்துக்கும் பயப்படறேனா?" என்றாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "தெரிஞ்சா என்ன, பயந்தா என்ன? கைய வைக்கல இல்ல? அப்புறம் எதுக்கு உன்னையே போட்டுக் குடையற?" என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, அது ஒண்ணும் பழைய ஃபேன் இல்லன்னு எனக்கும் தெரியும். அன்னிக்கு அவசரப்பட்டது நாம ரெண்டு பேரும்தான். நாலு நாள் காத்திருக்கலாம்னு நானாவது சொல்லியிருக்கணும்" என்றாள்.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சு வாய்விட்டு வந்தது. பிறகு தங்கை, "சரி, பாத்திரம் காத்திருக்கு" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை நூலகப் பெண் கூப்பிட்டாள். குரலில் ஒரு கூச்சம். "அக்கா, நாளைக்குக் காலைல சுவர் இடிக்கிறவர் வர்றார். அந்தச் சுவர்ல ஒரு அலமாரி மாட்டியிருக்கு. அதை மட்டும் கழட்டிக் கொடுக்க முடியுமா? அது உங்க வேலைதானே?"

அது அவள் வேலைதான். போனாள். கணவன் கடையில் இருந்தான். மனைவி புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். இவள் அலமாரியின் எட்டுத் திருகாணிகளையும் கழற்றினாள். எட்டாவது வெளியே வந்தபோது மேலே நடை ஆரம்பித்தது.

டக்... தொக்.

அவள் அலமாரியைத் தரையில் சாய்த்துவிட்டு, சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. ஜன்னலில் வெளிறிய வெளிச்சம். காலடிகள் அவள் தலைக்கு மேல் வந்தன. தோளெலும்பு வழியாக இறங்கின. இடுப்புக்குக் கீழே தரைக்குள் போயின. நடப்பவரின் கனம் முழுவதும் தன் முதுகு வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மட்டுமா? அவருடைய கட்டில், தண்ணீர்க் குடம், பீரோ, மொட்டைமாடி, அதன்மேல் தேங்கிய மழை, எல்லாமே வரிசையாக இறங்கி வந்து, 'கொஞ்சம் வழி விடுங்க' என்று அவளைத் தாண்டிக் கீழே போயின. நாளைக்கு இதே நேரம் அவர் இப்படி நடந்து வருவார். டக் என்று ஒரு காலை வைப்பார். அடுத்த காலை எங்கே வைப்பார்?

சட்டென்று கண் திறந்தது. "நான் மேல போய்ட்டு வரேன்" என்றாள்.

மேல்வீட்டுக் கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். அகலமான தோள், வெள்ளை பனியன், கையில் ஊன்றுகோல். கப்பலில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்தவர் என்று அவரே முதல் நிமிஷத்தில் சொல்லிவிட்டார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் ஆயிரம் அடி நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு.

"கீழே சத்தம் தொந்தரவா இருக்காம்மா? வேற செருப்பு போட்டுக்கறேன்."

"இல்லைங்க. நீங்க எப்பவும் இந்த ஓரமாத்தான் நடப்பீங்களா?"

"ஆமா. இந்தச் சுவரப் புடிச்சுக்கிட்டுத்தான் நடப்பேன்."

அவர் காட்டிய சுவரைப் பார்த்தாள். கீழே இருந்த சுவருக்கு நேர் மேலே, அதே நீளத்தில், ஒரு சுவர். அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"வேற எடத்துல நடக்க மாட்டீங்களா? ஹால் பெரிசா இருக்கே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அங்க நடந்தா தரை லேசா அதிரும்மா. உனக்குத் தெரியாது. கப்பல்ல இருந்தவன் காலுக்குத் தெரிஞ்சுடும். இந்த ஓரத்துல மட்டும் கரையில நிக்கற மாதிரி கெட்டியா இருக்கும். அதான்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். நாளைக் காலை கீழே சுவரை எடுக்கப்போகிறார்கள் என்றதும் அவர் ஊன்றுகோலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கத்தவில்லை. "இதை யாரும் என்கிட்ட சொல்லலியே" என்றார். பிறகு, "வா, நான் கீழே வரேன்" என்றார்.

பதினாறு படிகள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இறங்குவது அதுதான் இரண்டாவது தடவை. நல்ல காலை முதலில் வைப்பதா, ஆபரேஷன் செய்த காலை முதலில் வைப்பதா என்று ஒவ்வொரு படியிலும் நின்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்வார். அவள் ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுத்தாள். படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே மரத்திலிருந்து இலைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுப்படியில் மூச்சு வாங்க நின்றபோது அவர், புயலில் சூப் சட்டியைக் கயிறு போட்டுக் கட்டிச் சமைத்த கதையைச் சொன்னார். அவசரமான விஷயத்துக்காகத்தான் போகிறார்கள். ஆனாலும் அந்தப் பதினாறு படியில் நேரம் என்பதே இல்லாததுபோல் இருந்தது. இருவரும் மெதுவாக ஒரு கப்பலிலிருந்து இறங்கிவருவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

கணவனைக் கடையிலிருந்து வரச்சொல்லி மனைவி போன் செய்தாள். அவன் வந்தபோது, தன் சமையலறையில் சுத்தியலக்காவும் மேல்வீட்டுக்காரரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சிவந்தான்.

"என்ன இது, பஞ்சாயத்தா? அக்கா, நீங்க வேலை வேண்டாம்னீங்க. சரின்னு விட்டேன். இப்ப அக்கம்பக்கத்த எல்லாம் கூட்டிக்கிட்டு வந்தா என்ன அர்த்தம்?"

"தப்புதான் சார். உங்களக் கேக்காம மேல போனேன். ஆனா அவர் வீட்டுச் சுவர் இதுமேலதான் நிக்குது."

"நிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன என்ஜினீயரா?"

"இல்ல. அதனாலதான் அவரக் கூப்பிடச் சொல்றேன்."

"நாளைக்கு வர்றவர் அம்பது சுவர் இடிச்சவர். அவருக்குத் தெரியாததா?"

அதுவரை புத்தகப் பெட்டி மேல் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்தாள். "ரோட்டோரத்துல கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு, தலைவலின்னு உங்க கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

"அது வேற..."

"அந்த ரோட்டோரத்துக்காரனும்தான் ஆயிரம் கண்ணாடி வித்திருப்பான். 'கண்ண யாருகிட்டயாவது காட்டினீங்களா'ன்னு நீங்க கேப்பீங்க இல்ல? நானே கடையில உக்காந்து கேட்டிருக்கேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைக்க வேண்டிய அளவுக்குமேல் துடைத்தான். பிறகு ஃபிரிட்ஜிடம் போய் அதன் மேல் தடவினான். துண்டுக் காகிதம் பின்பக்கம் விழுந்திருந்தது. ஃபிரிட்ஜை நகர்த்த வேண்டியதாயிற்று. நகர்த்த உதவியது சுத்தியலக்காதான்.

வியாழக்கிழமை காலை இடிக்கிறவரும் என்ஜினீயரும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். இடிக்கிறவர் மலைபோல ஆள். கையில் உடைக்கும் மிஷின். என்ஜினீயர் குட்டையான மனுஷர். தூசி ஆகாது, வாசலிலேயே மூன்று தும்மல். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அவர் கீழே அளந்தார், தும்மினார், மேலே போய் அளந்தார், தும்மினார். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் இரண்டு இடங்களில் பூச்சை மெல்லக் கொத்திப் பார்த்தார். வீட்டை இவர்களுக்கு விற்றவரிடம் போனில் பேசிப் பழைய வரைபடத்தை அனுப்பச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடிக்கிறவர் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

கடைசியில் என்ஜினீயர் பென்சிலால் கூரையில் ஒரு கோட்டைக் காட்டினார். "கூரை ரெண்டு துண்டா போட்டிருக்காங்க. ரெண்டும் சேர்ற இடம் இது. சேர்ந்து உக்காந்திருக்கறது இந்தச் சுவர் மேல. முதல்ல இந்த வீடு ஒரே தளம்தான். மேல்தளம் அப்புறம் கட்டினது. மேல்சுவரும் இதுமேலதான் வருது." தும்மினார். "ஒல்லிதான். ஆனா மொத்தக் குடும்பத்தையும் இவன்தான் தாங்கறான்."

இடிக்கிறவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அந்தப் பெரிய முகம் வெளுத்திருந்தது. "எடுத்திருந்தா?"

"உடனே ஒண்ணும் ஆகியிருக்காது. பாதி எடுத்ததும் ஒரு சத்தம் கேட்டிருக்கும். அதுக்கப்புறம் நீங்க வெளிய ஓடறதுக்கு நேரம் இருந்திருக்குமான்னு சொல்ல முடியாது."

"என்கிட்ட சும்மா தடுப்புச் சுவர்னுதான் சொன்னாங்க" என்றார் இடிக்கிறவர், யாரையும் பார்க்காமல். "எனக்கு வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு." மிஷினை எடுத்து உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். போகும்போது சுத்தியலக்காவின் முன் ஒரு நொடி நின்றார். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கடைக்காரன் சாக்பீஸ் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் அவன் எவ்வளவோ நாள் கற்பனை செய்து வைத்த காலைப்பொழுதுகளெல்லாம் இருந்தன. "அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா சார்?"

"யார் சொன்னா?" என்றார் என்ஜினீயர். "முழுசா எடுக்கணும்னா பெரிய இரும்பு உத்தரம் போடணும். நீங்க ரெண்டு மாசம் வெளிய தங்கணும். இப்ப உங்களுக்கு அது சரிப்படாது. ஆனா ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பு விடலாம். முதல்ல கூரைக்கு முட்டுக் கொடுத்து, மேல உத்தரம் வச்சு, அப்புறம்தான் கல்ல எடுக்கணும். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வேணும். நான் கூட நின்னு பார்த்துக்கறேன். குழந்தையப் பார்க்கறதுக்கு ஜன்னல் போதாதா?"

"போதும்" என்றாள் மனைவி, கணவன் வாயைத் திறப்பதற்குள். அந்தச் சில நாட்களுக்கு அவள் தன் அம்மா வீட்டில் இருப்பதாகவும், மேல்வீட்டுக்காரர் அவருடைய தங்கை வீட்டில் இருப்பதாகவும் முடிவாயிற்று.

அன்று மாலை நடந்ததையெல்லாம் சுத்தியலக்கா சொல்லி முடிக்கும்வரை அவள் கணவர் டீயைத் தொடவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அந்தாளு உன்ன என்ஜினீயரான்னு கேட்டானா?" என்றார்.

"கேட்டார்."

"நீ இல்லன்னுட்ட."

"இல்லதானே?"

"அதைத்தான் சொல்றேன்" என்றார். பிறகு டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவினார். அவர் வழக்கத்தில் அது ஒரு நீண்ட பாராட்டுரை.

வேலை ஒன்பது நாள் நடந்தது. இரும்பு முட்டுகள் கூரையைத் தாங்கி நின்றதை அவள் போய்ப் பார்த்தாள். கான்ட்ராக்டரின் ஆட்கள் ஒரு கல்லை எடுப்பதற்கு முன் மூன்று தடவை மட்டம் பார்த்தார்கள். தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவர்கள் செய்வதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஓரமாக நின்று, பையை இறக்கி வைக்கவும் மறந்து, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கல் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாகச் சின்ன அறையின் வெளிச்சம் விரல் கனத்தில் சமையலறைக்குள் நீண்டது. தூசி அதில் ஏறி இறங்கியது.

குழந்தை, மருத்துவமனையில் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னதாகவே பிறந்தது. பெண். பதினோராம் நாள் கண்ணாடிக்கடைக்காரன் போன் செய்தான். குரலில் தூக்கக்கலக்கம். "அக்கா, திறப்புக்கு அடியில ஒரு மரப்பலகை வேணும். பால் பாட்டில் வைக்க, கையை ஊணிக்க. என்ஜினீயர்கிட்ட கேட்டேன். 'அதுக்கு என்னை எதுக்குக் கேக்கறீங்க, உங்க அக்காவக் கூப்பிடுங்க'ன்னார்."

அவள் பலகையை வீட்டிலேயே அளவுக்கு வெட்டி, இழைத்து, விளிம்பை வழவழவென்று உருட்டிக் கொண்டுபோனாள். குழந்தையின் கை எப்போதாவது அந்த விளிம்புக்கு எட்டும் என்பதால் மூலைகளை மறுபடியும் தேய்த்தாள். வீடு முழுக்கப் பால் வாசனையும் ஈரத்துணி வாசனையும். ஜன்னலில் சாயங்கால வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. இரண்டு தாங்கிகள், ஆறு திருகாணிகள். துளையிடும் சத்தம் வேண்டாமென்று கைத்துளைப்பானால் ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டாள். வெகுநேரம் பிடித்தது. அவளுக்கும் அவசரமில்லை.

வேலை முடிந்து மரத்தூளைத் துடைத்ததும் நூலகப் பெண் வந்து நின்றாள். இரண்டு முழங்கையையும் பலகையில் வைத்து, கன்னத்தைக் கையில் தாங்கி, அந்தப்பக்கம் தொட்டிலைப் பார்த்தாள். குழந்தை கைகளை மேலே தூக்கியபடி தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"நீங்க சாஞ்சுக்கலாம். ஏறி நிக்காதீங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இமைகள் கனத்தன. நின்ற நிலையிலேயே, கன்னம் கையிலிருந்து மெல்ல நழுவிப் பலகையில் படிய, தூங்கிப்போனாள். கணவன் பதறி எழுந்து வரப் பார்த்தான். சுத்தியலக்கா உதட்டில் விரல் வைத்து அவனை நிறுத்தினாள். ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து அந்தப் பெண்ணின் பின்னால் வைத்து, தோளை மெல்ல அழுத்தி உட்கார வைத்தாள். தலை பலகையை விட்டு நகரவில்லை. பிறகு ஒவ்வொரு கருவியாக, ஒன்றோடொன்று இடிக்காமல், துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.